புதுக்கிழங்கு நாளில் கூப்பிட்ட பேர்

இராசவள்ளிக்கிழங்குக் கஞ்சியை ஒரு மனுசி வேண்டாம் என்று தள்ளி நான் அதுவரை கண்டதில்லை. அதுவும் நான் காய்ச்சின கஞ்சியை! தேங்காய்ப்பாலும் சீனியும் அளவாக விட்டு, கிழங்கு கட்டிபடாமல் கடைந்து, ஒரு டப்பாவில் ஊற்றி வேலைக்குக் கொண்டுபோயிருந்தேன். அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. கனடாவில், மல்வேர்ன் என்ற இடத்தில் இருந்த எங்கள் மாடிக் கட்டடத்திலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டும். எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த ஒரு நைஜீரியாக்காரி அதே இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்தாள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்து சிநேகிதிகள் ஆகிவிட்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் டப்பாவை அவளுக்கு முன்னால் நகர்த்தினேன்.

“உது என்ன?”

“யாம். ஊதா யாம். தமிழ்க் கடைக்குப் புதுசா வந்த கிழங்கு. சாப்பிட்டுப் பார்.”

அவள் மூடியை எடுத்து டப்பாவை மூடினாள்.

“புதுசெண்டா நான் தொடமாட்டன். எங்கடை திருநாள் இன்னும் வரேல்லை.”

அவள் பேசினது இங்கிலிஷ்தான். நானும் அரைகுறை இங்கிலிஷில்தான் பதில் சொன்னேன். ஆனால் அவளோடு பேசினதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அவளின் குரலும் கை வீச்சும் ‘எடியே’ போட்டுப் பேசுகிற ஒருத்தியினுடையது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாப்பாட்டை மூடி வைக்கிறவளைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். “நஞ்சே போட்டு வச்சிருக்கிறன்?” என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. தன் டப்பாவில் இருந்த சோற்றில் பாதியை அதன் மூடியில் கொட்டி என் பக்கம் நகர்த்திவிட்டுக் கதை சொன்னாள்.

அவள் இக்போ இனத்தவள். கிழங்குதான் அவர்களுக்கு எல்லாம். நெல்லை நாங்கள் எப்படிப் பார்க்கிறோமோ, அதற்கும் ஒரு படி மேலே. ஆனி, ஆடியில் புதுக்கிழங்கு சந்தைக்கு வந்துவிடும். ஆனால் வாயில் வைக்க முடியாது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் வரும். அன்றைக்கு ஊரில் ஆக மூத்தவர் கிழங்கைக் கையில் எடுத்து, முதலில் செத்துப்போன பெரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்து, பிறகு தான் ஒரு துண்டு சாப்பிடவேண்டும். அவர் விழுங்கினபிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அதற்கு முதல் கள்ளமாகத் தின்றால் செத்தவர்களின் கோப்பையில் கை வைத்த மாதிரி.

“ஒரு துண்டு தெரியாமல் திண்டிட்டா?”

“தெரியாமல் திண்டாலும் வயிறு அறியும்” என்றாள். பிறகு என் டப்பா மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கஞ்சியை எட்டிப் பார்த்து, “உது ஊதா நிறம். யாம் எண்டு சொல்லவே ஏலாது. ஆனா எனக்கேன் சோலி” என்று சிரித்தாள். இந்த நாட்டுக் கடைகளில் வத்தாளங்கிழங்குக்கு, அதுதான் சர்க்கரைவள்ளிக்கு, ‘யாம்’ என்று எழுதி வைத்திருப்பதைக் கண்டால் அவளுக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே! கடைக்காரப் பெடியனைக் கூப்பிட்டு வகுப்பே எடுப்பாள்.

அந்த வருடம் எனக்குத் திருநாள் என்ற சொல்லே காதில் ஏறாத வருடம். முந்தின வருட மழைக்காலத்தில், சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே பெயர்ந்து கிழக்குப் பக்கம் நடந்தபோது, என் அப்பா நடுவழியில் செத்துப்போனார். கொன்றது குண்டுமில்லை, ஷெல்லுமில்லை. நடந்த களைப்பு, மழை, நெஞ்சு வருத்தம். அம்மா பக்கத்தில் இருந்தார். யாரோ முன்பின் தெரியாத ஒரு பொடியன் கொள்ளி வைத்தானாம். நான் ஒரே பிள்ளை. எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாளும் தாண்டிவிட்டது. “இனி என்ன செய்யிறது பிள்ளை, வருசம் முடிய ஆட்டைத் திவசத்துக்குப் பாப்பம்” என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு பேர் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். நானும் போனேன்.

என் மனம் ஆறவில்லை. அதைச் சும்மா மூடி மறைத்து எழுத எனக்குத் தெரியாது. என்னைப் பெற்ற மனிசன் இந்த உலகத்தை விட்டுப் போனார், அவருக்காக நான் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தள்ளி வைக்கவில்லை. நெருப்பும் வைக்கவில்லை, தண்ணியும் வார்க்கவில்லை, வாய்விட்டு அழக்கூட இல்லை. அடுக்குமாடியில் எப்படி வாய்விட்டு அழுவது? பக்கத்து வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிடுவான். பொங்கல் வந்தது, பொங்கவில்லை. சித்திரை வருடப்பிறப்பு வந்தது, கைவிசேடக் காசு இல்லை. கலியாணவீடு, பிறந்தநாள் ஒன்றுக்கும் போகவில்லை.

ஆகவே அவள் வந்து, “சனிக்கிழமை எங்கடை கிழங்குத் திருநாள், நீயும் மனுசனும் வாங்கோ” என்றபோது, வரேலாது என்று சொல்லிவிட்டேன்.

“ஏன்?”

“எனக்கு அப்பா செத்த வருசம். ஆட்டை முடியுமட்டும் கொண்டாட்டத்துக்குப் போகேலாது.”

அவள் என்னை ஒரு விசரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

“அதுக்காகத்தானே வரச் சொல்லுறன். அது செத்தவைக்குச் சாப்பாடு குடுக்கிற நாள். கொப்பர் நடந்து களைச்சுப் பசியோடை போனவர் எண்டு நீதானே சொன்னனீ. ஒருத்தரும் கூப்பிடாமல் அந்த மனிசன் எங்கை போய்ச் சாப்பிடும்?”

அப்பா பசியோடு போனார் என்பதை நான் ஒரே ஒரு தரம்தான் பஸ்ஸில் சொன்னேன். அதை அவள் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் இரவு வேலை முடித்து வந்து சோபாவில் படுத்திருந்தார்.

“இஞ்சேருங்கோ, போனால் குற்றமோ?”

“அவங்கடை சாமிக்கு எங்கடை துடக்குத் தீட்டெல்லாம் தெரியுமே? போவம். சாப்பாடு இருக்குமெல்லே?”

இவருக்கு எதற்கும் கடைசியில் சாப்பாட்டுக் கேள்விதான்.

இந்த இடத்தில் எங்கள் பேர் விவகாரத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்களிடம் குடும்பப் பேர் என்று ஒன்று இல்லை. பிள்ளைக்குத் தகப்பனின் பேர் சேரும். கலியாணம் முடித்தால் பெண்ணுக்குத் தகப்பன் பேர் போய்ப் புருசன் பேர் வரும். கனடாவுக்கு வந்தவுடன் அது எல்லாம் ‘கடைசிப் பேர்’ ஆகிவிட்டது. என் கணவரைத் தொழிற்சாலையில் அவரின் தகப்பன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என்றோ செத்துப்போன என் மாமாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று இவர் பாட்டுக்குத் திரும்பாமல் நிற்பார். காது கேளாதவர் என்று போர்மன் முடிவு கட்டியிருந்தான். இவரின் சொந்தப் பேரோ என்னோடு ஒட்டிக்கொண்டது. வேலையில் எல்லோரும் ‘மிஸிஸ்’ போட்டு என் புருசன் பேரைத்தான் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். நான் என் வாயால் ஒருநாளும் சொல்லாத பேர் அது.

பழகின புதிதில் அவள் என்னிடம் அந்தப் பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். துணி துவைக்கும் அறையில் மெசின் சத்தத்துக்கு நடுவில், “அது குடும்பப் பேரில்லை, எங்களுக்குத் தகப்பன்ரை பேர்தான் பின்னாலை வரும்” என்று சொன்னேன். கலியாணத்தோடு மாறும் கதையைச் சொல்ல முதல் மெசின் நின்றுவிட்டது, அவள் துணி எடுக்கப் போய்விட்டாள். அந்தக் கதை அவ்வளவோடு நின்றது.

சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். வெயில் என்றால் வெயில். உள்ளே மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் இரண்டு துணியை இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, தலையில் விறைப்பான துணியைக் கட்டி, ராணிகள் மாதிரி நின்றார்கள். நான் வெள்ளைச் சேலை உடுத்திப் போயிருந்தேன், துக்கம் காட்ட. அங்கே வெள்ளை நல்ல கொண்டாட்ட உடுப்பாம். போகிறவள் வருகிறவள் எல்லாம் என் சேலையைத் தடவிப் பார்த்து “நல்ல வடிவு” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நல்ல துக்கம்தான்!

மேடைக்கு முன்னால் நீள மேசையில் கிழங்கு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மரப்பட்டை மாதிரித் தோல். ஒன்றை மட்டும் வெளியே தணலில் சுட்டுக் கறுக்க எடுத்து, பக்கத்தில் சிவப்புப் பாமெண்ணெய் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். அந்தச் சுட்ட வாசனைக்கு மண்டபம் முழுக்க வயிறு கத்திக்கொண்டிருந்தது. என் கணவர் அந்த மேசைக்கு ஆகக் கிட்ட, ஆண்கள் பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்துவிட்டார்.

“ஆர் உங்கடை மூத்தவர்?” என்று சிநேகிதியைக் கேட்டேன். நரைத்த தாடி, ஊன்றுகோல் என்று எதிர்பார்த்தேன். அவள் காட்டியது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதரை. சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். டக்ஸி ஓட்டுகிறவராம்.

“உவரோ? உவர் இளந்தாரி!”

“என்ன செய்யிறது? கிழவர் ஒருத்தரும் இன்னும் வந்து சேரேல்லை. இருக்கிறதுக்குள்ளை உவர்தான் மூப்பு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பாடும் அதுதான். நாற்பது வயதில் என் கணவர் எத்தனை பெட்டைகளுக்குத் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்திருக்கிறார். அகதியாய் வந்த சனத்துக்குப் பெரியவர்கள் என்று யார்?

மூத்தவர் எழுந்தார். மேளம் நின்றது. முதலில் கோலாக்கொட்டை என்ற கசப்புக் கொட்டையைக் கையில் பிடித்து ஏதோ வேண்டினார். தங்கள் பாஷையில்தான் வேண்டினார். இதற்கு இங்கிலிஷ் ஆகாது என்று சிநேகிதி காதுக்குள் சொன்னாள். ஒவ்வொரு வசனத்துக்கும் சனம் முழுவதும் “ஈசே” என்றது. எங்கள் ‘அப்படியே ஆகட்டும்’ மாதிரி. பிறகு ஒரு போத்தலை எடுத்து, செத்தவர்களுக்கு வார்க்கத் தொடங்கினார். ஊரில் என்றால் மண்ணில் வார்ப்பார்களாம். இங்கே மண்டபத்துக் காவலாளி பொலிஷ் போட்ட தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். அதனால் பூச்சாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, செத்தவர்களை அந்தச் சாடி மண்ணுக்குள் கூப்பிட்டார்கள்.

அந்த வருடத்தில் செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பேர், ஒரு சொட்டு, “ஈசே.” இன்னொரு பேர், இன்னொரு சொட்டு, “ஈசே.” பேர் கேட்டவுடன் அங்கங்கே ஒரு பெண் தலையைக் குனிவாள். சிநேகிதி என் கையைப் பிடித்து அமர்த்தினாள். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. அடுத்த பேரை அவர் கொஞ்சம் தடக்கி, நீட்டி, முழக்கிச் சொன்னார்.

என் கணவரின் பேர்.

“ஓம்!” என்று ஒரு சத்தம் ஆண்கள் பக்கத்தில். இவர் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். “யெஸ்! யெஸ்! இஞ்சை நிக்கிறன்!”

ஏழெட்டு வருடமாய்த் தகப்பன் பேரால் கூப்பிடப்பட்ட மனிசன். தன் சொந்தப் பேரை முதல்முதலாக ஒரு மண்டபத்தில் முழக்கமாய்க் கேட்டால் சும்மா இருப்பாரா? முகமெல்லாம் பல்.

“ஈசே” சொல்ல வாய் திறந்த சனம் அப்படியே நின்றது. மூத்தவரின் கையில் போத்தல் சரிந்தபடி நின்றது. ஒரு குழந்தை மட்டும் கிக்கென்று சிரித்தது.

“உன்ரை மனுசன் ஏன் கையைத் தூக்கிறார்?” என்றாள் சிநேகிதி.

“அது அவற்றை பேர்!”

“உன்ரை கொப்பற்றை பேரெல்லே? நீதானே சொன்னனீ, தகப்பன் பேர்தான் பின்னாலை வரும் எண்டு!”

“கலியாணம் கட்டினா மாறுமடி! புருசன் பேர் வருமடி!”

“அதைச் சொல்லேல்லையே நீ!” இரண்டு கையையும் தலைத் துணியில் வைத்துக்கொண்டு அவள் தன் பாஷையில் கத்தினாள். எனக்குத் தெரியாமல், எனக்கு ஒரு ஆறுதலாய் இருக்கட்டும் என்று, அவள்தான் போய் மூத்தவரிடம் அந்தப் பேரைக் கொடுத்திருக்கிறாள்.

என் கை தானாகத் தாலிக்கொடிக்குப் போனது. எனக்கு அப்படிப்பட்ட நம்பிக்கை எல்லாம் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். இவர் இன்னும் கையை இறக்கவில்லை.

“என்னவாம்? லொத்தரிலை எனக்கு விழுந்திட்டுதோ?”

தமிழ் நிகழ்ச்சி என்றால் நடுவில் லொத்தர் குலுக்கிப் பேர் வாசிப்பார்கள். இவர் அந்த நினைப்பில் எழும்பியிருக்கிறார்.

“லொத்தரோ? உங்களைச் செத்தவையோடை கூப்பிட்டிருக்கினம்!”

இவரின் கை மெல்ல இறங்கியது. “ஐயோ கடவுளே. நான் ‘ஓம்’ எண்டு வேறை சொல்லிப்போட்டனே!”

சிநேகிதி மூத்தவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். அந்த மனிதர் வந்து என் கணவரின் கையைப் பிடித்தார், புறங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்தது. “கை நல்ல சூடு, இந்த ஆளைக் கொண்டுபோக ஒருத்தரும் வரமாட்டினம் எண்டுறார்” என்றாள் சிநேகிதி. பிறகு அவர் பூச்சாடிக்கு முன்னால் குனிந்து பெரியவர்களோடு கொஞ்ச நேரம் பேசினார். அதையும் அவள் சொன்னாள். “விலாசம் பிழைச்சுப்போச்சு, அந்த வீட்டு வாசலிலை நிக்கவேண்டாம், வண்டியைத் திருப்புங்கோ எண்டு சொல்லுறார்.” டக்ஸிக்காரர் அல்லவா? இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதிரையில் தொப்பென்று இருந்தார்.

நான் அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். மூத்தவர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை இங்கிலிஷில், மெதுவாக.

“உங்கடை அப்பாவைக் கூப்பிட வெளிக்கிட்டு வேறை பேர் சொல்லிப்போட்டம். அவர் வந்து வாசலிலை நிண்டாலும் நிப்பார். அப்பிடியே விடேலாது. அவற்றை பேர் என்ன?”

சிநேகிதியின் காதுக்குள் சொன்னேன். அவள் சொல்லிப் பார்த்தாள், பாதியில் முறிந்தது. மூத்தவர் முயன்றார். ஐயையோ, அப்பாவின் பேர் அந்த வாயில் பட்ட பாடு! இரண்டு தரம் முயன்றுவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு பேரைத் தப்பாய்க் கூப்பிட்டு ஒருவன் எழும்பி நின்றதே போதும், இரண்டாவது வேண்டாம் என்றார்.

“நீங்கள் கூப்பிடுங்கோ. மகள்தானே.”

பின்னால் ஓரிரு ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்கள் கூப்பிடுகிற வழக்கம் இல்லைப்போல. அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். “அந்த மனிசனுக்கு எங்கடை பாஷை தெரியாது. இஞ்சை இருக்கிற குரலிலை உவவின்ரை குரல் மட்டும்தான் தெரியும்.”

நான் இங்கிலிஷில் ஏதோ தொடங்கினேன். “உங்கடை பாஷையிலை” என்றார்.

எங்கள் வீட்டில் அப்பாவின் பேரை யாரும் வாயால் சொன்னதில்லை. அம்மாவுக்கு அவர் ‘இஞ்சேருங்கோ’. எனக்கு அப்பா. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டால் சொல்லியிருக்கிறேன், குடிவரவு அலுவலகத்தில் ஒவ்வொரு எழுத்தாக இங்கிலிஷில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பேரால் அவரைக் கூப்பிட்டதில்லை. மூத்தவர் சுட்ட கிழங்கில் ஒரு துண்டைப் பிட்டு, பாமெண்ணெயில் தோய்த்து, கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். முழுப் பேரையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “அப்பா, வாங்கோ. சாப்பிடுங்கோ” என்றேன்.

“ஈசே!” என்றது மண்டபம்.

அவ்வளவுதான். அந்தச் சத்தத்தோடு எனக்குள் இருந்தது உடைந்தது. நான் குந்தி இருந்து, தலையில் அடித்து, செத்தவீட்டில் அழுகிற மாதிரி அழுதேன். என்னைப் பெத்த ராசாவே என்று அழுதேன். மழைக்குள் வருத்தத்தோடு நடந்தீரோ, குடிக்கத் தண்ணி கேட்டீரோ, ஆரும் தந்தினமோ என்று கேட்டுக் கேட்டு அழுதேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் பெண்கள் வந்து சுற்றிவர இருந்தார்கள். ஒருத்தி முதுகைத் தடவினாள். இன்னொருத்தி எனக்குப் பக்கத்தில் இருந்து தன்பாட்டுக்கு யாரையோ நினைத்து அழத் தொடங்கினாள். ஊரில் தாயின் சாவுக்கோ தகப்பனின் சாவுக்கோ போகமுடியாமல் போனவள் நான் மட்டுமில்லையே. சிநேகிதி என் சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அழு, சத்தமா அழு, இஞ்சை பொலிஸ் வராது” என்றாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒருமுறை தலை நிமிர்ந்தேன். மூத்தவர் அதே இடத்தில் நின்றார். கையில் அந்தக் கிழங்குத் துண்டு. சிவப்பு எண்ணெய் மணிக்கட்டால் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். யாரோ ஒருவன் அவரிடம் சாப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினான். அவர் என் பக்கம் கண்ணைக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினார். அவர் விழுங்காமல் அந்த மண்டபத்தில் ஒருவரும் வாயில் ஒன்றும் வைக்கமுடியாது. என் கணவர் கதிரையை விட்டு எழுந்து, கைகட்டி, தலைகுனிந்து நின்றார்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிரேதம் எடுக்குமட்டும் அயலில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். நடுவழியில் செத்த என் அப்பாவுக்கு அயல் என்று ஒன்று இருக்கவில்லை. அன்றைக்கு நான் அழுது முடியுமட்டும் அந்தச் சனம் முழுவதும் அவருக்காகப் பட்டினி கிடந்தது.